ஆங்கில வகுப்பும் நம் பொறுப்பே

(எர்ணாவூரில் நடைபெற்ற தமிழ் உணர்வாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழ்க் கூட்டத்தில் தமிழாசிரியன் ஒருவன் ஆங்கில வகுப்பைப் பற்றிப் பேச எழுந்தால் சிலர் புருவம் நெரிப்பீர்கள். இங்கு வரும் வழியிலேயே நண்பர் ஒருவர் கேட்டுவிட்டார். "ஐயா, நமக்கும் அதற்கும் என்ன உறவு? ஆங்கிலத்தை ஆங்கில ஆசிரியர் பார்த்துக் கொள்ளட்டுமே" என்றார். அப்படி விட்டுவிட்டதன் விளைவைத்தான் நம் பிள்ளைகள் இன்று நுகர்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். அதையே இங்குச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

1968-ஆம் ஆண்டு சனவரி 23-ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. தமிழும் ஆங்கிலமும் போதும், இந்தி வேண்டா என்பது அதன் உள்ளீடு. அதற்காக 1938-இலும் 1965-இலும் தெருவில் இறங்கியவர்கள் நாம். ஆகவே, ஆங்கில வகுப்பை நம் பள்ளிக்குள் இருத்தியதில் நமக்கும் பங்கு உண்டு. வீட்டுக்குள் வைத்துக்கொண்ட ஒன்றை எப்படி வைத்துக்கொள்வது என்று எண்ணிப் பார்க்கவேண்டியவர்களும் நாமே. ஆங்கிலவழிக் கல்வியை நான் அன்றும் எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். அது வேறு வழக்கு. ஆங்கிலத்தை ஒரு மொழிப்பாடமாகப் படிக்கும் அந்த ஒரு வகுப்பில் என்ன நடக்கிறது என்பதே இன்று என் பேச்சு.

என்ன நடக்கிறது? பாட்டு இருக்கிறது, உரைநடை இருக்கிறது, விரிவானக் கதை இருக்கிறது, இலக்கணம் இருக்கிறது. தேர்வில் பாட்டின் அடிகளை நெட்டுருவாக எழுத 5 மதிப்பெண். கதையின் சொற்றொடர்களை வரிசை குலைத்துக் கொடுப்பார்கள். ஒழுங்குபடுத்தி எழுத மற்றும் ஓர் 5 மதிப்பெண். கதை படித்த பிள்ளைக்கு இது விளையாட்டு. ஆனால் பிள்ளை கதையைப் படிப்பதில்லை. 'கைடு' என்று கடைத்தெருவில் விற்கிறார்களே, அந்த வழிகாட்டி நூலைப் படிக்கிறது. எந்தத் தொடர் எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று அடையாளம் வைத்துக்கொண்டு அடுக்கிவிடுகிறது. மதிப்பெண் வந்துவிடுகிறது. கதை வரவில்லை. வீடுகட்டச் செங்கல் கொடுத்தால் அதை எண்ணிப்பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது போன்றது இது.

2019-20 கல்வியாண்டில் வெளிவந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலை நான் முழுமையாகப் படித்தேன். தமிழாசிரியனுக்கு அதில் என்ன வேலை என்று உடன் பணியாற்றுவோர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். படித்தபோதுதான் அதற்குள் நமக்குரிய செல்வம் எவ்வளவு கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று தெரிந்தது.

அந்த நூலில் 'கடைசிப் பாடம்' என்னும் கதை இருக்கிறது. எழுதியவர் அல்போன்சு தோதே என்னும் பிரெஞ்சுக்காரர். 1873-இல் வெளிவந்த 'திங்கட்கிழமைக் கதைகள்' என்னும் தொகுப்பில் உள்ளது. பிரான்சும் பிரசியாவும் 1870-இல் பொருதன. பிரான்சு தோற்றது. 1871-இல் பிராங்பர்ட்டு நகரில் ஒப்பந்தம் எழுதினார்கள். அல்சாசு என்னும் நிலப்பகுதியும் உலொரேனின் ஒரு பகுதியும் செருமனிக்குப் போயின. இனி அல்சாசுப் பள்ளிகளில் செருமன் மொழிதான் கற்பிக்கப்படும் என்று பெர்லினிலிருந்து ஆணை வருகிறது. கதை அங்கே தொடங்குகிறது.

ஒரு சிறுவன் பள்ளிக்குக் காலந்தாழ்ந்து போகிறான். எச்சவினை இலக்கணம் கேட்பேன் என்று ஆசிரியர் முன்னாளே சொல்லியிருக்கிறார். இவன் ஒன்றும் படிக்கவில்லை. காட்டுப் பக்கம் ஓடிவிடலாமா என்று நினைத்துப் பின் பள்ளிக்கே போகிறான். வகுப்பு அமைதியாக இருக்கிறது. ஆசிரியர் விழா நாளில் உடுத்தும் பச்சை மேலாடை அணிந்து நிற்கிறார். பின் பலகைகளில் ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முதியவர் ஒருவர் பழைய எழுத்துச் சுவடியை மடியில் விரித்து வைத்திருக்கிறார். இதுதான் உங்களுக்குக் கடைசிப் பிரெஞ்சுப் பாடம் என்கிறார் ஆசிரியர். 40 ஆண்டு அந்த ஊரில் பாடம் சொன்னவர். சிறுவனை எழுப்பி இலக்கணம் கேட்கிறார். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் அடிக்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வயலுக்கும் ஆலைக்கும் கூலிக்கு அனுப்பிய பெற்றோரைக் குறைசொல்கிறார். தம் தோட்டத்துச் செடிக்கு நீர்விடச் சொன்னதையும் மீன்பிடிக்கப் போகவேண்டி விடுமுறை விட்டதையும் சொல்லித் தம்மையும் குறைசொல்லிக் கொள்கிறார். தன் மொழியைக் கைவிடாத அடிமைக்கு விடுதலைக்கு வழி உண்டு என்னும் பொருள்படப் பேசுகிறார். மணி அடிக்கிறது. பேச நாவெழாமல், தம் நாடு வாழ்க என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நிற்கிறார்.

தோழர்களே, இது யார் கதை? தமிழன் கண்ணீர் விட்டுப் படிக்கவேண்டிய கதை, தமிழ்நாட்டுப் பிள்ளையின் கையில், ஆங்கில மொழியில், ஆங்கில வகுப்பில், ஐந்து வினா விடையாக நறுக்கப்பட்டுக் கிடக்கிறது! இந்தப் பாடத்தை நடத்தி முடித்த பின் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் கேட்டேன். "தம்பி, இதுபோல் நம் ஊரில் ஏதும் நடந்திருக்கிறதா?" என்றேன். அவன் என்னை விழித்துப் பார்த்து, "அது இங்கிலீசுப் பாடம் ஐயா" என்றான்.

அவனைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? 1938-இல் சென்னை மாநில உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார்கள். அதை எதிர்த்துச் சிறைபுகுந்த நடராசன் 1939 சனவரியில் உயிர்நீத்தார். தாளமுத்து மார்ச்சுத் திங்களில் உயிர்நீத்தார். 1940 பிப்பிரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்த இருவரும் துயில்கின்ற மூலக்கொத்தளம் இந்த எர்ணாவூரிலிருந்து சில கல் தொலைவு. பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். அல்சாசு எங்கே இருக்கிறது என்று நிலப்படத்தில் காட்டும் ஆசிரியர், மூலக்கொத்தளம் எங்கே இருக்கிறது என்றும் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தக் கதை பிள்ளையின் நெஞ்சில் வேர்விட்டிருக்கும். அதன்பின் எந்தக் கைடும் அவனுக்குத் தேவைப்படாது. தன் சொல்லால், பிழையோடாவது, ஆங்கிலத்தில் விடை எழுதுவான்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். நாம் மொழியன்பர்கள் என்பதற்காகக் கதையைக் கண்ணை மூடிக்கொண்டு வணங்கக்கூடாது. அல்சாசு மக்களுள் பெரும்பாலோர் வீட்டில் பேசியது பிரெஞ்சு அன்று. செருமனுக்கு உறவான அல்சாசியப் பேச்சு. அந்தச் சிறுவனின் தாய் அடுக்களையில் அந்தப் பேச்சைத்தான் பேசியிருப்பாள். தோதே அதைக் கதையில் மறைத்துவிட்டார். அவர் நாட்டுப் பற்று அவரை அப்படி எழுத வைத்தது. 1918-க்குப் பின் அல்சாசு மீண்டும் பிரான்சிடம் வந்தபோது பிரெஞ்சு அரசு பள்ளிகளில் பிரெஞ்சையே திணித்தது. இரண்டு பேரரசுகளுக்கு நடுவே வீட்டுமொழி நசுங்கியது. பிரெஞ்சைத் தாய்மொழி என்று சொல்லிச்செல்லும் கதையைப் படிக்கும் பிள்ளைக்கு இதையும் சொல்லலாம். வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று, ஆட்சியில் ஒன்று என்று மூன்று மொழிகளுக்கு இடையே நிற்கும் பிள்ளை யார் என்று கேட்டால், இந்த வகுப்பில் பாதிப்பேர் கை தூக்குவார்கள்.

அதே நூலின் முதற்பாடம் ஒரு கடற்காகக் குஞ்சைப் பற்றியது. பறக்க அஞ்சிப் பாறை விளிம்பில் பட்டினி கிடக்கிறது. தாய் மீனைக் காட்டிக் காட்டிப் பசியைத் தூண்ட, பாய்ந்து விழுந்து, விழும்போதே சிறகை விரித்துப் பறந்துவிடுகிறது. கிழக்கே கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உள்ள எர்ணாவூர்ப் பிள்ளைக்கு இது சொல்லியா தரவேண்டும்? 2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் இங்குக் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள், கடற்காகம் எந்தக் காற்றில் எப்படித் தாழும் என்று ஆசிரியருக்கே சொல்வார்கள். ஆனால் அவர்களை யாரும் கேட்பதில்லை. கட்டுமரம் என்ற நம் சொல்லை ஆங்கிலேயர் 17-ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துத் தம் அகரமுதலியில் ஏற்றிக்கொண்டார்கள் என்பதையும் அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. தன் தாத்தன் கட்டிய மரம் ஆங்கிலச் சொல்லாக அந்த வகுப்பில் நிற்கிறது என்று தெரிந்தால், கடைசிப் பலகையில் கூனி உட்கார்ந்திருக்கும் பிள்ளை நிமிர்ந்து உட்காருவான்.

அந்தக் கடற்காகக் கதையை எழுதியவர் இலியம் ஓ பிளாகர்ட்டி. ஆங்கிலேயர் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். அவர் அயர்லாந்தின் மேற்கே அரன் தீவில் 1896-இல் பிறந்தவர். அங்கே வழங்கியது அயர்லாந்தின் பழைய மொழி. அந்நாட்டில் 1831 முதல் ஏற்பட்ட அரசுப் பள்ளிகள் ஆங்கிலத்தையே கற்பித்தன. தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டு, பேசும்தோறும் அதில் ஒரு வெட்டுப் போட்டு, மாலையில் வெட்டை எண்ணி அடித்தார்கள். அந்த மண்ணில் தோன்றிய ஓ பிளாகர்ட்டி ஆங்கிலத்தில் புகழ்பெற்ற பின்னும் தம் மொழியில் கதைகள் எழுதி 1953-இல் நூலாக்கினார். இது பாடநூலின் முதற்பாடத்துக்குப் பின்னே நிற்கும் செய்தி. நம் நகரில் தமிழ் பேசினால் பத்து உருபா தண்டம் என்று எழுதிவைத்த ஒரு தனியார் பள்ளியை நான் என் கண்ணால் பார்த்தேன். அங்கும் கடற்காகக் கதையைத்தான் நடத்தியிருப்பார்கள்!

இனி, இந்த ஊருக்கென்றே எழுதியதுபோல் ஒரு பாட்டு இருக்கிறது. இரட்யார்டு கிப்ளிங்கு எழுதிய 'பொறிகளின் மறைபொருள்'. கிப்ளிங்கு மும்பையில் 1865-இல் பிறந்தவர். பிற இனங்களை ஆள்வது வெள்ளையன் சுமக்கவேண்டிய சுமை என்று 1899-இல் பாடியவர். அந்த ஆளை நமக்குப் பிடிக்க வேண்டியதில்லை. இந்தப் பாட்டை 1911-இல் இங்கிலாந்துச் சிறுவர்க்கான வரலாற்றுப் பாடநூல் ஒன்றுக்காக எழுதினார். இதில் பொறிகளே பேசுகின்றன. எங்களைச் சுரங்கத்தில் தோண்டினீர்கள், உலையில் உருக்கினீர்கள், வார்த்தீர்கள், அடித்தீர்கள், அராவினீர்கள், அளந்து பொருத்தினீர்கள் என்று தம் பிறப்பைச் சொல்லித் தொடங்குகின்றன. எதையும் செய்வோம், ஆனால் எங்களுக்கு அன்போ இரக்கமோ மன்னிப்போ தெரியாது என்று எச்சரிக்கவும் செய்கின்றன.

நான் கேட்கிறேன், இந்தப் பாட்டுக்கு எர்ணாவூரைவிடத் தகுந்த வகுப்பறை எங்கே இருக்கிறது? ஒருபக்கம் அசோக் லேலண்டு, மறுபக்கம் திருவொற்றியூர் ஆலைகள், நடுவே வார்ப்பாலைகளும் சிறு பட்டறைகளும். இந்தப் பாட்டில் வரும் ஒவ்வொரு வினையையும் தன் கையால் செய்யும் தந்தை வீட்டில் இருக்கிறார். ஆனால் பிள்ளை அந்தச் சொற்களுக்குக் கைடில் பொருள் தேடுகிறது. கைடில் என்ன போட்டிருக்கிறது? ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு இன்னோர் ஆங்கிலச் சொல். தெரியாததைக் கொண்டு தெரியாததை விளக்குவது!

இந்தப் பாட்டின் முதற் பத்தியில் உள்ள வினைகளைத் தனித்தாளில் எழுதி, "உங்கள் அப்பாவிடம் இவற்றுக்குப் பட்டறையில் என்ன சொல் என்று கேட்டு வாருங்கள்" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். மறுநாள் வந்த சொற்களைப் பாருங்கள்: வார்ப்பு, உலை, அரம், அராவுதல், சாணை, சம்மட்டி, கடைசல், மரை, திருகு. லேத்து, பிட்டர், கேசு என்று ஆங்கிலமும் கலந்து வந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் 'அரம்' என்பது திருக்குறள்ச் சொல். திருவள்ளுவர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அரத்தை உவமையாக ஆண்டிருக்கிறார். ஈராயிரம் ஆண்டுச் சொல் இந்த ஊர்ப் பட்டறையில் எண்ணெய்ப் பிசுக்கோடு உயிரோடிருக்கிறது. அதை ஆங்கிலப் பாட்டு ஒன்று தோண்டி எடுத்துக் கொடுத்தது! தனித்தமிழ்ச் சொல்லாக்கம் என்று அறைக்குள் உட்கார்ந்து நாம் சொல் தேடிக்கொண்டிருக்கும்போது, வெளியே தொழிலாளி தன் கருவிப்பெட்டியில் சொற்களை வைத்துக்கொண்டு நிற்கிறான்.

பொறிகளைப் பேசவைத்தலை ஆங்கிலப் பாடநூல் ஓர் அணியாகச் சொல்லி, பெயர் கொடுத்து, தேர்வில் கேட்கிறது. பிள்ளை அந்த நீண்ட ஆங்கிலப் பெயரை எழுத்துக் கூட்டி நெட்டுருச் செய்கிறது. பேசாதனவும் உயிரற்றனவும் பேசுவனபோலப் பாடலாம் என்று தொல்காப்பியர் செய்யுளியலில் நூற்பாவே எழுதியிருக்கிறார். உவமையையும் உருவகத்தையும் மோனையையும் அதே பிள்ளை அடுத்த மணியில் தமிழ் வகுப்பில் படிக்கிறது. இரண்டும் ஒன்று என்று அதற்குத் தெரியாது. ஏனென்றால் அதன் இரண்டு ஆசிரியர்களும் பேசிக்கொள்வதில்லை. ஒரு சுவருக்கு இந்தப்பக்கம் உவமை, அந்தப்பக்கம் வேறொன்று. சுவரை எழுப்பியவர் யார் என்று கேட்டால், இரண்டு பக்கமும் கைநீட்டும்.

பாட்டில் ஈற்றொலி ஒத்து வருவதை எழுத்தால் குறித்துக் காட்டு என்று ஆங்கிலத் தேர்வில் கேட்கிறார்கள். நாம் அதை இயைபு என்போம். ஆங்கிலப் பாட்டு என்றாலே இயைபு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது பிற்கால வரவு. பழைய ஆங்கிலப் பாட்டு நம் பாட்டைப் போலவே மோனையால் நடந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின், பிரெஞ்சுத் தொடர்பால் இயைபு பெருகி மோனை பின்னே போயிற்று. மோனை அறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலத்தின் பாட்டி அறிமுகமானவள். பேத்தியைத்தான் அவனுக்குப் பழக்கமில்லை.

நார்மானியர் வெற்றியால் ஆங்கிலத்துக்குள் பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் புகுந்தன. அதைப் பொறாத ஆங்கிலேயரும் இருந்தார்கள். வில்லியம் பார்ன்சு (1801-1886) என்று ஒருவர். தார்செட்டுப் பகுதிப் பள்ளியாசிரியர், பாவலர், பின் சமயகுரு. 'கிராமர்' என்னும் கிரேக்கவழிச் சொல் எதற்கு, நம் ஆங்கில வேரிலிருந்தே 'பேச்சுத்திறம்' என்று பொருள்படச் சொல் செய்யலாமே என்று 1878-இல் அந்தப் பெயரிலேயே ஓர் இலக்கண நூல் எழுதினார். பலர் ஏறும் பெரிய வண்டிக்கு இலத்தீன் சொல் வேண்டா என்று 'மக்கள் வண்டி' எனப் பொருள்படும் தூய ஆங்கிலச் சொல்லைச் செய்தார். புகழ்பெற்ற புதின ஆசிரியர் தாமசு ஆர்டி இவர் பாட்டுகளைத் தேர்ந்து 1908-இல் பதிப்பித்தார். பேருந்து என்று நாம் சொன்னால் நகைக்கும் ஆங்கிலப் பற்றாளர்கள் இவரை எங்கே படித்தார்கள்? ஆங்கிலத்தைப் பற்றியும் அவர்களுக்கு நிறையத் தெரியாது என்பதே என் பட்டறிவு.

இலக்கணத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் ஆங்கிலத்தில் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஆங்கிலேயர் தம் மொழிக்கு முதல் இலக்கணம் எழுதியது 1586-இல். வில்லியம் புல்லோகர் எழுதினார். பின்வந்தவர்களுள் பலர் இலத்தீன் இலக்கணத்தை அளவுகோலாக வைத்துத் தம் மொழியை அதற்குள் அடக்கப் பார்த்தார்கள். நமக்கோ நம் மொழியிலிருந்தே பிறந்த தொல்காப்பியம் இருந்தது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பயனுக்குச் சொல்கிறேன். தமிழ் இலக்கணம் தெரிந்த பிள்ளையின் கையில் ஒரு திறவுகோல் இருக்கிறது. 'நேற்று வந்த பையன்' என்கிறோம். வந்த என்பது பெயரெச்சம். பெயருக்கு முன்னே நிற்கிறது. ஆங்கிலத்தில் பையனை முதலில் நிறுத்தி, 'எவன் நேற்று வந்தானோ' என்று பின்னால் ஒரு தொடரை ஒட்டுகிறார்கள். அதாவது நம் பெயரெச்சத் தொடரை முன்பின்னாகத் திருப்பிப் போடுகிறார்கள். இதை ஒருமுறை கரும்பலகையில் இரண்டு மொழியிலும் எழுதிக் காட்டினால் கலவைத் தொடர் பாதி முடிந்தது. வேற்றுமை உருபும் அப்படியே. நாம் பெயருக்குப் பின்னே ஒட்டுகிறோம். அவர்கள் பெயருக்கு முன்னே தனிச்சொல்லாக வைக்கிறார்கள். செய்வினை, செயப்பாட்டுவினை, நேர்கூற்று, அயற்கூற்று, தொடர்நிலைத் தொடர், எல்லாம் கீழ் வகுப்புகளிலேயே தமிழில் படித்தவை. அவற்றை மறக்கடித்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளையாக்கி, புதிதாகத் தொடங்குகிறோம். 'கடைசிப் பாட'த்துச் சிறுவன் அஞ்சியதும் எச்சவினைக்குத்தான். ஏறத்தாழ நம் பெயரெச்ச வினையெச்சங்களைப் போன்றது அது.

"ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியேதான் கற்பிக்கவேண்டும், வகுப்பில் தமிழே கூடாது" என்பவர்கள் உண்டு. வீட்டில் ஆங்கிலம் ஒலிக்கும் பிள்ளைக்கு அது பொருந்தலாம். இங்கே பத்து மணி நேர வேலை முடிந்து வரும் தந்தையும், மீன் விற்றுத் திரும்பும் தாயும் உள்ள வீட்டில் ஆங்கிலம் எங்கே ஒலிக்கிறது? தமிழைப் பிடுங்கிவிட்டால் அந்தப் பிள்ளை நிற்க இடமில்லை. புரியாத பாட்டுக்குத் தலையாட்டப் பழகிவிட்டால், புரியாத எதற்கும் தலையாட்டும். மெக்காலே 1835-இல் எழுதிய குறிப்பின் உள்நோக்கம் இங்கே வந்து நிறைவேறுகிறது. ஆக்சுபோர்டில் ஆங்கில இலக்கியம் தனிப்பட்டப் படிப்பானது 1890-களில்தான். 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் அதற்கு முன்பே நம்மவரை அதில் தேர்வு எழுத வைத்துவிட்டது. பாரதியாரும் தம் வரலாற்றைப் பாட்டாகப் பாடியபோது, ஆங்கிலப் பள்ளி தமக்கு அளித்தது என்ன, அழித்தது என்ன என்று நொந்து பாடினார். அவரை நோகச் செய்தது ஆங்கில மொழி அன்று. தன் புலவர் பெயரே தெரியாமல் பிறநாட்டுச் செய்திகளை ஒப்பிக்கும் படிப்பு.

நம் முன்னோர் ஆங்கிலத்துக்கு அஞ்சியவர்கள் அல்லர். 1916-இல் தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்ட மறைமலையடிகள் அடிசனின் ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் தந்தவர். தாமே ஆங்கில இதழும் நடத்தியவர். மொழிஞாயிறு பாவாணர் தமிழின் தொன்மையை உலகுக்குச் சொல்ல 1966-இல் ஆங்கிலத்திலேயே நூல் எழுதினார். தமிழில் வேரூன்றி நின்றதால் அவர்களுக்கு ஆங்கிலம் கருவியாயிற்று. நாமோ இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். மேடையில் ஆங்கிலத்தை ஏசுகிறோம். கீழே இறங்கியதும் நம் பேரப்பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்க வரிசையில் நிற்கிறோம். 2013-14 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகியபோது அந்த வரிசை இன்னும் நீண்டது. கேட்டால், "ஆங்கிலம் வரவேண்டுமே ஐயா" என்கிறார்கள். அந்த ஏக்கத்தை நான் இகழமாட்டேன். தமிழ்வழிப் பள்ளியின் ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் ஒழுங்காக வந்திருந்தால் அவர்கள் அந்த வரிசைக்கே போயிருக்க மாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், ஆங்கில வகுப்பைச் செப்பம் செய்வது தமிழ்வழிக் கல்வியைக் காக்கும் வேலை.

அதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வருகின்ற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இதே இடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுப்புத் தொடங்குகிறோம். ஆங்கிலப் பட்டம் பெற்ற ஓர் ஆசிரியரும் நானும் ஒரே பலகைக்கு முன் நின்று நடத்துவோம். முதல் நாள் 'கடைசிப் பாடம்'. அடுத்த கிழமை பொறிகளின் பாட்டு. பிள்ளைகள் ஆங்கிலப் பாடநூலோடு தமிழ்ப் பாடநூலையும் கொண்டுவர வேண்டும். கைடு கொண்டுவர வேண்டா. பாட்டு நாளன்று வார்ப்பாலையிலும் கடைசல் பட்டறையிலும் வேலை செய்யும் தோழர்கள் நால்வராவது வந்து பின் பலகையில் உட்காருங்கள். வரும்போது ஓர் அரமும், சாணைக்கல் துண்டும், மரை வெட்டிய திருகு ஒன்றும் கையோடு எடுத்து வாருங்கள். கட்டணம் எதுவும் இல்லை. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கொடுக்கலாம்.